கருந்திரி என்ற பெயரில்

பாலத்தின் மேற்குக் கரையில் கருந்திரி நின்றுகொண்டிருந்தான். தோளில் கோடரி, தலைக்கு மேலே பச்சை எழுத்தில் பெயர். நான் உள்ளே வந்ததும் கையை உயர்த்தி ஒருமுறை ஆட்டினான். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த உருவம் தானாகச் செய்வதுதான் அது. ஆனாலும் அழுத்துவதற்கு ஒரு விரல் வேண்டுமே. அந்த விரல் என் தம்பி அன்பரசனுடையது என்றுதான் ஐந்து மாதமாக நம்பியிருந்தேன்.

இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதைத் தம்பிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அந்தப் பாலம், காடு, கோட்டை எதுவும் நம் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் இல்லை. எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. நம் விரலசைவு மட்டும் போன் லைன் வழியாக அங்கே போய்த் திரும்புகிறது. அதனால் அங்கே ஊரும் தூரமும் கிடையாது. பெயர் ஒன்றுதான் அடையாளம். பெயருக்கு விதிகள் உண்டு. பன்னிரண்டு ஆங்கில எழுத்துக்குள் வர வேண்டும். எண் சேர்க்கக் கூடாது. ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்க முடியாது, வைத்த பின் மாற்றவும் முடியாது. வெடிக்குள் போகும் திரியின் பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டான் அன்பரசன். எனக்கு ‘அக்கா’ என்று வைக்கப் பார்த்தான், கிடைக்கவில்லை. “எவனோ ஒருத்தன் ஏற்கெனவே அக்காவா இருக்கான்க்கா” என்று சிரித்துவிட்டு, கடைசியில் இன்னும் நான்கு ‘ஏ’ சேர்த்து இழுத்துவிட்டான். அன்றிலிருந்து அங்கே நான் அக்காஆஆ.

நான் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனர். வெடிப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள்கள் செய்கிறேன். அப்பாவின் பெயர் ஊர்க்காவலன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. அன்பரசனையும் அதே அறையில் சேர்த்துவிட்டார். எட்டு நாள் போனான். ஒன்பதாம் நாள் போகவில்லை. “பயமா இருக்குப்பா” என்றான். அந்தச் சொல்லை அப்பாவால் தாங்க முடியவில்லை. “இன்னிமே எம் பேரச் சொல்லிக்கிட்டு எங்கனயும் போய் நிக்காதலே” என்றார். அன்று சாயங்காலமே வீட்டைவிட்டுப் போய்விட்டான். செல்போன் நம்பரும் செத்துப்போனது.

பத்து நாள் கழித்து விளையாட்டில் கருந்திரியின் பெயர் பச்சையானது, உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம். நான் பதறிக்கொண்டு கேட்டதற்கு, ‘எங்க இருக்கேன்னு கேக்காதக்கா. கேட்டா வர மாட்டேன்’ என்று எழுதினான். ஆங்கில எழுத்தில் தமிழ். நான் கேட்கவில்லை. தினமும் வேலை முடிந்து ஆறு மணிக்குச் செல்வநாயகம் அண்ணாச்சியின் பிரவுசிங் சென்டரில் நான்காம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்காருவேன். “என்ன இசைவாணி, போருக்குக் கெளம்பிட்டியா? வாள வீட்ல வச்சிட்டு வந்துட்டயே” என்பார் அண்ணாச்சி. நான் போய் ஒரே கேள்விதான் கேட்பேன். சாப்பிட்டியா? ஆரம்பத்தில் நிறைய எழுதினான். பிறகு ‘சாப்பிட்டேன்க்கா’ என்பதோடு நிறுத்திக்கொண்டான். வேலை கூடியிருக்கும் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா வேலுத்தாய் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டு காத்திருப்பாள்.

“என்ன சொன்னான்?”

“சாப்பிட்டானாம்.”

“என்ன சாப்பிட்டானாம்?”

அதை அவன் சொல்வதில்லை. நான்தான் சேர்த்துக்கொள்வேன். “புரோட்டா.”

“நேத்தும் புரோட்டா, இன்னைக்கும் புரோட்டாவா? வயிறு என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு ரசஞ்சோறு திங்கச் சொல்லு.”

மறுநாள் நான் ரசஞ்சோறு என்பேன். அம்மாவுக்கு அன்று சோறு இறங்கும். அப்பாவின் காதில் விழட்டும் என்றே அவள் சத்தமாகப் பேசுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவன் பெயரை ஐந்து மாதமாக அவர் சொன்னதில்லை.

கருந்திரி பாலத்தில் கையாட்டியதாகச் சொன்னேனே, அன்று மதியம் மூன்றே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. முதலில் அச்சகத்து ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, பிறகுதான் காதுக்கு வந்தது. இங்கே சத்தம் கேட்டால் எல்லாரும் ஒன்றே செய்வோம். மெஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடி வந்து புகை எங்கே எழுகிறது என்று பார்ப்போம். கிழக்கே எழுந்தது. பிறகு போன். எந்தப் பக்கம்? எந்தக் கம்பெனி? ஆளு இருந்தாகளா? சிவகாசிக்காரன் எந்த ஊரில் இருந்தாலும் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் கேட்பான். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அப்பாவின் கம்பெனி அது இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் அவர் சைக்கிளில் வந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், “தம்பி டிவியில பாத்துட்டுப் பயந்திருவான். ஓடிப்போய்ச் சொல்லு, நாம நல்லா இருக்கோம்னு” என்றாள்.

ஆறு மணிக்குப் போனேன். அண்ணாச்சி அன்று கேலி செய்யவில்லை. “ஐயா வந்துட்டாகளாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

‘இங்கன ஒரு கம்பெனியில வெடிச்சிருச்சு. அப்பா வீட்டுக்கு வந்துட்டாக. பயப்படாத’ என்று எழுதினேன்.

பதில் வந்தது.

‘சாப்பிட்டேன்க்கா.’

லைன் மெதுவாக இருந்தால் பழைய கேள்விக்குப் பதில் தாமதமாக வருவதுண்டு. எழுத்துகள் வரிசையில் நின்றுதான் போகும், வரும். அப்படித்தான் இருக்கும் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். அன்று நான் சாப்பிட்டியா என்று கேட்கவே இல்லை.

மறுபடி எழுதினேன். ‘வெடி விபத்துலே. ஆளு செத்துப்போச்சாம்.’

‘ஓகேக்கா.’

எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. கோடரியோடு நின்ற உருவத்தின் தோள் ஆறு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. யாரும் எதையும் அழுத்தாவிட்டாலும் அது மூச்சுவிடும். அப்படிச் செய்துவைத்திருக்கிறார்கள்.

‘நம்ம அப்பா பேரு என்ன?’ என்று எழுதினேன்.

தோள் பலமுறை ஏறி இறங்கியது. பிறகு எழுத்துகள் வந்தன.

‘சாரிங்க. நான் அவர் இல்லீங்க. நான் கோயம்புத்தூருங்க. இந்த கேரக்டர வாங்கி மூணு மாசமாச்சுங்க.’

பெயரை மாற்ற முடியாது என்பதால் விற்கும்போது பெயரோடுதான் விற்பார்கள். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டால் போதும். நண்பர்கள் பட்டியலும் அப்படியே கைமாறும். எனக்கு இதெல்லாம் தெரியும். தம்பி விற்பான் என்பதுதான் தெரியாது.

‘அவன எங்க பாத்தீங்க?’

‘பாக்கலீங்க. மெயில்லதான் பேசினோம். அப்புறம் அந்த மெயிலுக்கு எது அனுப்புனாலும் திரும்பி வந்துருதுங்க.’

‘பெறகு ஏன் அவன மாதிரிப் பேசினீங்க?’

‘விக்கிறப்போ ஒரே ஒரு கண்டிஷன் போட்டாருங்க. தினமும் ஆறு மணிக்கு ஒரு அக்கா வருவாங்க, சாப்பிட்டியான்னு கேப்பாங்க, சாப்பிட்டேன்னு சொல்லிடணும்னு. வேற எதுவும் கேக்க மாட்டாங்கன்னாரு. அதுக்காகவே நான் மில்லுல ஷிஃப்ட் மாத்திக்கிட்டேங்க.’

திரையில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. லேபிள் அடிக்கும்போது நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் இப்படித்தான் தெரியும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூன்று மாதமாகத் தம்பி சாப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக அம்மா சாப்பிட்டதெல்லாம் யாரோ ஒருவர் சாப்பிட்டதை நம்பி.

‘இனியும் சொல்லட்டுங்களா?’ என்று அவர் கேட்டிருந்தார்.

விளையாட்டை மூடாமலே எழுந்தேன். அண்ணாச்சி ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

எங்கள் தெருவில் பெண்கள் கூடி நின்றிருந்தார்கள். அம்மா பக்கத்து வீட்டுத் தங்கத்தாயோடு வாசலிலேயே நின்றாள். என்னைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

“சொன்னியா?”

“சொல்லிட்டேன்மா.”

“என்ன கேட்டான்?”

“எந்தப் பக்கம்னு கேட்டான். எந்தக் கம்பெனின்னு கேட்டான்.”

“ஆளு இருந்தாகளான்னு கேக்கலயா?”

“கேட்டான்.”

“ஊர விட்டுப் போனாலும் பிள்ள மாறலயேக்கா” என்றாள் தங்கத்தாய். அம்மாவின் முகம் விரிந்தது. வீட்டுக்குள் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “கேட்டீகளா? ஒங்க மகன் வெசாரிச்சிருக்கான்!”

பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. அப்பா மெதுவாக வாசலுக்கு வந்தார். கையிலிருந்த சாம்பல் நிற மருந்துப்பொடி பாதிதான் போயிருந்தது, முழங்கை வரை சோப்பு நுரை. என் முகத்தைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“என்னைய… எதுவும் கேட்டானா?”

நுரை அவர் முழங்கையில் வழிந்து படியில் சொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தியபடியே நின்றார்.