பாதி முகத்துக்கு வைத்தியம்

டாக்டர் என் முகத்தில் பாதியைத்தான் கேட்டார். வலது பாதி. இடது பாதியை அப்படியே விட்டுவிடுவாராம். மூன்று மாதம் கழித்து ஒரு போட்டோ எடுப்பாராம். மூக்குக்கு இந்தப் பக்கம் கிழவன், அந்தப் பக்கம் அவருடைய கைவேலை. அந்தப் படத்தைத் தோல் ஆஸ்பத்திரி வாசலில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டப்போகிறார்.

முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினவன் நான். ஜன்னல் பக்கம் இருந்த வலது கன்னம் வெயிலில் வெந்தது. வாயில் எந்நேரமும் ஒரு சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். அதனால் உதட்டைச் சுற்றிச் செங்குத்தாகக் கோடு கோடாக விழுந்திருந்தது, சுருக்குப்பையை இழுத்துக் கட்டின மாதிரி. நிறம் பரணில் கிடக்கிற பழைய பேப்பர் நிறம். சவரம் பண்ணும்போது பிளேடு அந்தக் கோடுகளில் மாட்டும். எனக்கும் அந்தக் கோடுகளுக்கும் இருந்த தகராறு அவ்வளவுதான்.

என் மகள் அந்த ஆஸ்பத்திரியில் முன் மேஜையில் உட்கார்ந்து போன் எடுக்கிறாள். ஒருநாள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது உள்ளே இருந்து வந்த டாக்டர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பெரியவருக்கு என்ன வயசு?"

"அறுபத்தாறு."

"எண்பதுன்னு நினைச்சேன்" என்றார், பாராட்டுகிற மாதிரி. "சிகரெட் எத்தனை வருஷமா?"

"பதினாறு வயசிலேர்ந்து."

"அருமை!"

ஐம்பது வருஷமாகப் புகைக்கிறேன் என்றதற்கு அருமை என்று சொன்ன ஒரே டாக்டர் அவர்தான். அப்போதே நான் படியிறங்கி ஓடியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "நான் சரின்னு சொல்லிட்டேன்ப்பா."

"யார் மூஞ்சிக்கு யாரு சரின்னு சொல்றது?"

"உங்க மூஞ்சி நல்லா வந்தா என்னை நிரந்தரமா வச்சுக்கறேன்னாரு. நீங்க ஒத்துக்கலேன்னா அடுத்த மாசத்தோட வேற ஆளைப் பார்த்துக்குவாரு. என் வயசுல யாருப்பா முன் மேஜைல உட்கார வைக்கறாங்க?"

அவளுக்கு முப்பத்தொன்பது. கட்டினவன் விட்டுவிட்டுப் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். இரண்டு வருஷமாக ஏறி இறங்கின கம்பெனிகளில் எல்லாம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருத்தனும் சொல்லி அனுப்பவில்லை. இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவள் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவ ஆரம்பித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நான்கு பக்கத்துக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகிற எந்தக் காகிதத்தையும் நான் நம்புவதில்லை. அத்தனை எழுதினவன் எதையோ ஒளித்துத்தான் இருப்பான். எழுத்துக்கூட்டி ஒரு மணி நேரம் படித்தேன். வைத்தியத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து புண் ஆறி முடிகிற வரைக்கும் சிகரெட் தொடக் கூடாது என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே மகள் கையெழுத்து. தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதாக.

பதினோரு நாள் விட்டேன். பன்னிரண்டாம் நாள் ஆரம்பித்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

லேசர் வைத்த அன்று கண்ணின் மேல் இரும்புக் கிண்ணி மாதிரி இரண்டைக் கவிழ்த்தார்கள். டாக்டர் கையில் குழாய். மெஷினில் அளவு வைப்பது ஒரு சிஸ்டர். நல்ல உடம்பு, நல்ல வாய். மெஷின் டக் டக்கென்று அடிக்க, மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தது.

"எங்கயோ தீயுதும்மா" என்றேன்.

"உங்க மூஞ்சிதான் தாத்தா. பயப்படாதீங்க. முடிஞ்சதும் உங்களுக்குப் பொண்ணு பார்த்துடலாம்."

"பாதி மூஞ்சிக்கு யாரும்மா குடுப்பா?"

"பாதிப் பொண்ணாப் பார்த்துட்டாப் போச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று டாக்டர் அதட்டினார்.

அதற்குப் பிறகுதான் ஜெயில். வெயில் படக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, முகத்தைச் சொறியக் கூடாது. மூன்றாவது மாடி, இரண்டு அறை. ஜன்னலுக்கு மகள் படுக்கை விரிப்பை ஆணியடித்து மாட்டினாள். காலையில் கன்னத்துக்குக் களிம்பு பூசிவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள்.

"வீடு தீப்பிடிச்சா நான் என்ன பண்றது?"

"சிகரெட் இல்லாத வீட்ல எப்படிப்பா தீப்பிடிக்கும்?"

படியில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து போகும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நானும் அந்த விரிப்பும்தான். அதில் எத்தனை பூ என்று எண்ணினேன். நூற்றுப்பன்னிரண்டு. மறுநாள் எண்ணினபோது நூற்றுப்பதினான்கு வந்தது. லாரியில் உட்கார்ந்தே இருந்தாலும் ரோடாவது ஓடும். இங்கே ஒன்றும் ஓடவில்லை. இரண்டு தரம் கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தேன். நல்ல கதவு. நான்தான் பார்த்து வாங்கி மாட்டினது.

லாரிக் காலத்து டூல்ஸ் பை கட்டிலுக்கடியில் இருந்தது. ஸ்பானருக்குக் கீழே, கிரீஸ் துணியில் சுற்றி, ஐந்து பாக்கெட் சிகரெட் வைத்திருந்தேன். பத்து மணிக்கு மேல் குளியலறைக்குள் போவேன். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நிற்பேன். மேலே இருக்கிற ஓட்டை வழியாகப் புகை போய்விடும்.

நான் ஒன்றும் யோசிக்காமல் செய்யவில்லை. வைத்தியம் வலது பக்கத்துக்கு. ஆகையால் சிகரெட்டை இடது ஓரத்தில் மட்டும் வைத்தேன். உதட்டின் வலது ஓரத்தை விரலால் அழுத்தி மூடிக்கொண்டேன். அந்தக் கன்னத்தில் புகை படாமல் ஈரத்துண்டைத் தொங்கவிட்டேன். புகையை இடது பக்கமாகவே விட்டேன். லாரியில் இடது டயர் பஞ்சரானால் வலது டயருக்கா காற்று இறங்குகிறது? இடது பாதி எப்படியும் கிழட்டுப் பாதி. இன்னும் கொஞ்சம் கெட்டால் டாக்டருக்கும் நல்லதுதானே, வித்தியாசம் தெரியும் என்றுகூட நினைத்தேன். ஒரு நாளைக்கு மூன்று. மூன்று மணிக்கு மேல் தொட மாட்டேன். வாய் கொப்பளித்துக் கிராம்பு மெல்லுவேன். மிச்ச நாற்றத்தைக் களிம்பு நாற்றம் அமுக்கிவிடும்.

ஏழாம் நாள் பொருக்கு உதிர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணோரத்தில் உதிர்ந்தது. உள்ளே தோல் வெளிர் சிவப்பாக, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஆனால் உதட்டுக்குப் பக்கத்தில் உதிரவே இல்லை. ஈரமாகவே இருந்தது, பிறகு கறுக்க ஆரம்பித்தது. மகள் தினமும் அதைப் பார்ப்பாள். களிம்பைக் கூடக் கொஞ்சம் அப்புவாள்.

லேசர் வைத்த பன்னிரண்டாம் நாள் துணியால் முகத்தை மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது ஏன் ஆறல? சிகரெட் குடிச்சாரா?"

"தொடவே இல்ல டாக்டர்" என்றாள் மகள். "நான் பூட்டிட்டுதான் வர்றேன். சத்தியமா சொல்றேன்."

எனக்காக அவள் அப்படிச் சத்தியம் பண்ணுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "அப்ப அளவைக் கூட்டி வச்சுட்டே."

"நீங்க சொன்னதைத்தான் சார் வச்சேன்."

"குறிச்சு வச்சியா?"

அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"வைக்கல. இனிமே மெஷின் பக்கம் வராதே. நாளைக்கு ஆபீஸ்ல வந்து பாரு. இப்ப இவருக்கு மருந்து போட்டு அனுப்பு."

லேசர் வைத்த அன்று என்னோடு வாயாடின அந்தப் பொம்பளை மருந்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். பூ வைக்கிற மாதிரி மெதுவாகத் தொட்டாள்.

"எரியுதா தாத்தா?"

செக்போஸ்ட்டில் நான் சொல்லாத பொய் இல்லை. எந்தப் பொய்யும் என்னை உறுத்தினதில்லை. இங்கே வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். மகள் வேலை தப்பிக்கும். இந்தப் பொம்பளை யாரோ, நான் யாரோ. மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சிஸ்டரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் மகள் வேலை போகும், மூடினால் இவள் வேலை போகும். என்னை ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள், எழுந்திருக்கக்கூட முடியவில்லை.

"எரியுதான்னு கேட்டேனே?" என்றாள் மறுபடி.

"நான் குடிச்சேன்" என்றேன்.

டாக்டர் குனிந்தார். "என்னது?"

"சிகரெட். தினம் மூணு. ஆனா இந்தப் பக்கத்துக்குப் புகை படவிடல. ஈரத்துண்டு போட்டு மூடிக்கிட்டு, இடது ஓரமாத்தான் குடிச்சேன்."

சிஸ்டர் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பெரியவரே, புகை நெஞ்சுக்குள்ள போயி ரத்தத்துல கலக்குது. ரத்தக் குழாய் சுருங்கிடுது. புதுத் தோலுக்கு ரத்தம் வேணும், அது வரலேன்னா இப்படித்தான் அழுகும். ரத்தத்துக்கு ஏது இடது, வலது?"

"டேங்க் ஒண்ணுதான்னு முன்னாடியே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும். நாலு பக்கத்துக்கு எழுதினீங்களே, அதை எழுதலையே."

"அப்பா, வாய மூடுங்க" என்றாள் மகள். அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் அவளைப் பார்த்தார். "சத்தியம் பண்ணினே."

"அவளுக்குத் தெரியாது. குளியலறைல குடிச்சேன்" என்றேன்.

அவர் என் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார், வாங்கின சாமானில் ஓட்டை இருப்பதைப் பார்த்தவர் மாதிரி. "இந்த மூஞ்சியோட உங்களை வெளிய விட்டா என் பேருதான் கெடும். கறுப்பு போக ஆறு மாசம் ஆகும். அதுக்கப்புறம் மறுபடி லேசர் வைக்கணும்." மகளிடம் சொன்னார்: "அதுவரைக்கும் நீ இரு. மூஞ்சி தேறட்டும், வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

விடவும் மாட்டார், வைத்துக்கொள்ளவும் மாட்டார். என் கன்னத்தோடு அவளையும் சேர்த்துக் கட்டிவிட்டார். சிஸ்டர் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவளை மாட்டிவிட்டவனே நான்தானே.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள், எங்கே என்றுகூடக் கேட்காமல், கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்துத் தரையில் கொட்டினாள். ஸ்பானர்கள் கணகணவென்று உருண்டன. மிச்சம் இருந்த இரண்டு பாக்கெட்டையும் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அவை கரைந்து கூழாகிற வரைக்கும் கை கட்டி நின்றாள்.

"ஆறு மாசம்" என்றாள். "ஆறு மாசம் நான் அங்க ஒவ்வொரு நாளும் அவர் மூஞ்சிய நிமிர்ந்து பார்க்கணும்."

மறுநாள் காலையில் கிளம்பும்போது என் முன்னால் வந்து நின்றாள். "வாயத் திறங்க."

"எதுக்கு?"

"மோந்து பார்க்க."

"செக்போஸ்ட் போலீஸ்காரன்கூட என்னை இப்படி மோந்து பார்த்ததில்ல."

"போலீஸ்காரனுக்கு உங்க மூஞ்சிய நம்பியா பொழப்பு?"

திறந்தேன். முகர்ந்தாள். போய்ப் பூட்டினாள். அன்றிலிருந்து காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். பையில் ஸ்பானர் மட்டும் இருக்கிறது. நானும் தேடுவதை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தினமும் ஒருதரம் கையை விட்டுப் பார்க்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அவள் வந்ததும் விளக்கைப் போட்டாள். "திறங்கப்பா" என்று முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். அத்தனை கிட்டத்தில் அவள் முகத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. கண்ணோரத்தில் மூன்று கோடு. உதட்டுக்கு மேலே இரண்டு, செங்குத்தாக. அவள் ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை.

"என்ன பார்க்கறீங்க? திறங்க."

நன்றாக அகலமாகத் திறந்தேன்.