கவர்னர் குறித்த நாட்கள்

என் அக்காவின் பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்த அன்று, அத்தான் அவளிடம் "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்கவில்லை. "ஆபரேஷனுக்கு எந்த வாரம் சொல்றாங்க?" என்றுதான் கேட்டார். அவள் சொன்னதும் எழுந்து உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்த வாரம் ஆகாது. புதன்கிழமை வட்டி விகிதம் அறிவிக்கிறாங்க."

ஏதோ பெரிய வங்கியின் தலைவர் என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் பம்ப் விற்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் விற்பனைப் பிரிவில் இருந்தவர். டீ குடிக்கும் நேரத்தில், "நானா இருந்தா ரேட்டைக் குறைச்சிருப்பேன்" என்று சொல்லிச் சொல்லியே, கூட வேலை பார்த்தவர்களிடம், வட்டியை நிர்ணயிக்கும் மத்திய வங்கித் தலைவரைச் சொல்கிற மாதிரி 'கவர்னர்' என்று பட்டப்பெயர் வாங்கியவர். அவர்கள் கிண்டலுக்குச் சொன்னதை இவர் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார். கம்பெனி ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது, அதுவரை துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உள்ளறையில் இரண்டு கணினித் திரைகளை வாங்கி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, பங்கு வர்த்தகர் ஆனார்.

அந்த அறையின் ஒரு சுவர் முழுக்க வருஷத்து நாட்களை ஒட்டி வைத்திருந்தார். மார்க்கெட்டுக்கு விடுமுறை என்றால் சிவப்பு. வட்டி விகிதத்துக்கு நீலம். விலைவாசி எண் வரும் நாள் மஞ்சள். வேலைவாய்ப்பு எண் வரும் நாள் பச்சை. லீவுக்கு முந்தின நாள் வாங்க வேண்டும், நம்பர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் விற்றுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவருடைய மொத்த ஞானமும் இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுவரும் நாலு பேனாவும் தேவைப்பட்டன.

வீடு அந்தச் சுவருக்குக் கட்டுப்பட்டு நடந்தது. மஞ்சள் நாளில் விருந்தாளி வரக்கூடாது. நீல நாளில் நாலு மணிக்கு மிக்ஸி ஓடக்கூடாது. எங்கள் சித்தப்பா நல்ல மனுஷர். ஒரு சிவப்பு நாளாகப் பார்த்துச் செத்தார். அதனால் அத்தானால் வர முடிந்தது.

அக்காவின் ஆபரேஷன் மூன்று முறை தள்ளிப்போனது. முதல் தடவை வட்டி விகிதம். அடுத்த தடவை, "பணம் இப்ப உள்ள இருக்கு, இப்ப எடுத்தா வயித்துல இருக்கிற பிள்ளைய ஆறு மாசத்துல எடுக்கிற மாதிரி" என்றார். மூன்றாம் தடவை அவர் காரணமே சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். வலி வரும்போது இடது கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குழாய்களில் பெயர் ஒட்டுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தான் மஞ்சள் நிறத்தில் கும்பிட்டு வந்த அந்த விலைவாசி எண்ணில் என் கால் வலியும் கலந்திருக்கிறது. நான் புள்ளியியல் துறையில் விலை சேகரிக்கிறவள். மாதம் இரண்டு முறை நாற்பத்திரண்டு கடைகள் ஏறி இறங்குவேன். அதே சோப்பு, அதே எடை, அதே கடை. பிஸ்கட் பாக்கெட்டின் விலையை மாற்றாமல் உள்ளே இரண்டு பிஸ்கட்டைக் குறைத்திருந்தால் அதையும் எழுத வேண்டும். முடி வெட்டுகிறவரிடம் கூலி கேட்க வேண்டும், செருப்புக் கடைக்காரரிடம் பழைய மாடல் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். "வாங்கவும் மாட்டேங்குற, போகவும் மாட்டேங்குற" என்று வெங்காயக் கடைக்காரர் என்னை மாதம் தவறாமல் திட்டுவார்.

அத்தானுக்கு என் வேலை மேல் இளக்காரம். 'வெங்காய ஆபீஸ்' என்பார். ஆனால் மஞ்சள் நாள் நெருங்கினால் குரலில் வெல்லப்பாகு வழியும்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. ஏறுதா, இறங்குதா? தலைய மட்டும் ஆட்டு."

"எனக்கே தெரியாது அத்தான். என்னை மாதிரி நூத்துக்கணக்கான பேரு எழுதி அனுப்புறாங்க. கூட்டிக் கழிக்கிறது வேற இடத்துல."

"தெரியும்னா தெரியாதுன்னுதான் சொல்லணும். புரியுது, புரியுது" என்று கண் அடிப்பார். ஒரு முறை நான் எண்ணெய் டின் இரண்டு வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, அதை ரகசியத் தகவலாக எடுத்துக்கொண்டு ஏதோ பங்கு வாங்கினார். எண்ணெய் டின் ஒன்றுக்கு ஒன்று இலவசமாகக் கிடைத்தது என்பதுதான் அதிலிருந்த ரகசியம்.

அந்த வருஷத்தில் ஒரு நீளமான விடுமுறை வந்தது. வியாழன் பொது விடுமுறை. வெள்ளிக்கிழமை எங்களுக்கெல்லாம் வேலை நாள். ஆனால் பங்குச் சந்தை தன் கணினிகளைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றுவதால் அன்றும் மூடல். பிறகு சனி, ஞாயிறு. நாலு நாள் சேர்ந்தாற்போல் சிவப்பு. அதற்கடுத்த திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு மஞ்சள். அத்தான் அந்த ஐந்து கட்டங்களையும் பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை போலத் தினமும் பார்த்துப் பூரித்தார்.

"புதன்கிழமை சாயங்காலம் வாங்குறேன். திங்கக்கிழமை காலையில கடை திறந்ததும் விக்கிறேன். சாயங்காலம் நம்பர் வர்றப்ப நான் காபி குடிச்சிட்டு இருப்பேன். இந்த ஒண்ணு போதும், உங்கக்கா ஆபரேஷன தனி ரூம்ல ராஜாத்தி மாதிரி பண்ணிடலாம்."

இதைச் சொன்னது இரண்டு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அக்கா ரசத்துக்காக உள்ளே எழுந்து போயிருந்தாள். அந்த வாரம்தான் எங்கள் துறையிலிருந்து அறிவிப்பு வந்திருந்தது. எங்கள் இயக்குநர் திங்களன்று வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறார். போவதற்கு முன் தன் கையாலேயே எண்ணை வெளியிட ஆசைப்பட்டார். அதனால் வெளியீடு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு. இது ரகசியமும் இல்லை. துறையின் இணையப் பக்கத்தில் முதல் வரியில் போட்டிருந்தார்கள்.

"அத்தான், இந்தத் தடவை தேதி மாத்தி..." என்று ஆரம்பித்தேன்.

உள்ளங்கையைப் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நீட்டினார். "பதினஞ்சு வருஷமா அது ரெண்டாவது திங்கக்கிழமைதான். நீ வெங்காயத்த எண்ணு. நாள நான் பாத்துக்குறேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, 'பட்டுத் தெரிஞ்சுக்கோ' என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, அதில் எனக்கு ஒரு ருசியும் இருந்தது. இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அக்கா ரசத்தோடு வந்தபோது, "என்ன பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

புதன்கிழமை அவர் வாங்கினார். கையில் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்குக் கடனில் வாங்கும் வசதியைத் தரகர் கொடுத்திருந்தார், அதையும் பயன்படுத்தினார். அன்றைக்கு நிறையப் பேர் விற்றார்களாம். "பாரு, பயந்தாங்கொள்ளிங்க லீவுக்கு முன்னாடி ஓடுறானுங்க. மலிவா கொட்டுறானுங்க" என்று போனில் என்னிடம் சிரித்தார். தேதி மாறியதைப் படித்தவர்கள், நம்பர் வரும்போது மூடிய சந்தையில் மாட்டிக்கொள்ள வேண்டாமென்று விற்றார்கள். வாங்க யாராவது வேண்டுமே. அதற்குக் கவர்னர்கள் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கடைகளை முடித்துவிட்டு மூன்றரை மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பார்க்கத்தான் போனேன். அத்தான் பனியனோடு உட்கார்ந்து, விசைப்பலகையின் இடுக்குகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மனசு நிறைந்து ஏதோ முணுமுணுத்தார். அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துப் படுத்திருந்தாள். அன்று காலையிலேயே வலி வந்திருந்தது.

நாலு மணி மூன்று நிமிடத்துக்கு அவருடைய போன் ஒலித்தது. பழைய கம்பெனி நண்பர். "கவர்னரே, என்ன இப்படிப் போட்டுட்டாங்க? இவ்ளோ விலைவாசி யாருமே எதிர்பாக்கலையே! திங்கக்கிழமை மார்க்கெட் விழுந்துடுமே!"

"எதப் போட்டுட்டாங்க?"

நண்பர் சொன்னார். அத்தான் பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே எழுந்து, திரையை உயிர்ப்பித்தார். அங்கே புதன்கிழமையின் விலைகள் அப்படியே நின்றன. 'விற்க' என்ற பொத்தானை அழுத்தினார். 'சந்தை மூடப்பட்டுள்ளது' என்றது. மறுபடி அழுத்தினார். ஒரு பதினைந்து தடவை அழுத்தியிருப்பார்.

"லீவு நாள்ல எவனாவது நம்பர் விடுவானா? எவன்கிட்ட கேட்டு விட்டான்?"

தரகரின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். பதிவு செய்த பெண் குரல் இனிய விடுமுறைக்கு வாழ்த்தியது. அடுத்து அவர் செய்ததுதான் உச்சம். எங்கள் துறைக்கே போன் போட்டார். எடுத்தவர் காவலாளி.

"தேதிய மாத்தினது யாரு? நான் ஒரு முதலீட்டாளர் பேசுறேன்."

"சார், நம்பர விட்ட கையோட மாடியில எல்லாரும் கிளம்பிட்டாங்க. லிப்ட் ரிப்பேர்னா மட்டும்தான் நான் எழுதி வைப்பேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன் ஆபீஸ்தானே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் அத்தான். வெங்காயத்த எண்ணச் சொன்னீங்க."

அப்போதுதான் அக்கா அறை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். "எப்ப சொன்ன?" என்றாள்.

"அன்னைக்கு, சாப்பிடுறப்ப."

அவள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க அத்தான் வெளிநாட்டுச் சந்தைகள் சரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். குறிப்பிட்ட விலைக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடும்படி உத்தரவு போட்டு வைத்திருப்பதாகவும், பயமில்லை என்றும் சனி, ஞாயிறில் அக்காவிடம் பத்துத் தடவை சொன்னார். திங்கட்கிழமை சந்தை அந்த விலையில் நின்று அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. நேராக அதற்கு வெகு கீழே திறந்தது. முதல் ஐந்து நிமிடத்திலேயே தரகர் எல்லாவற்றையும் விற்று, தான் கொடுத்ததை எடுத்துக்கொண்டார். தனி ரூமும் போயிற்று, ராஜாத்தியும் போனாள். கம்பெனி கொடுத்ததில் பாக்கி இருந்ததும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்காவைப் பார்க்கப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். ஒரு முழு வசவை மனசுக்குள் தயார் செய்துகொண்டு போயிருந்தேன், அத்தானைப் பற்றித்தான். அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பேச விடவில்லை.

"அவருக்குக் காது கேக்காது. அது எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மட்டும் நீ என்னக்கா பண்ணியிருப்ப?"

"தெரியல. சண்ட போட்டிருப்பேன். கரண்ட் ஒயரப் புடுங்கியிருப்பேன். இல்ல, ஒண்ணும் பண்ணாமலும் இருந்திருப்பேன். அத நான்ல முடிவு பண்ணணும்? அவர் தோக்கறதப் பாக்க உனக்கு ஆசையா இருந்துச்சு. அது யாரோட பணம்னு யோசிச்சியாடி?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக வாய் திறக்காதவள் என்று நான் அவளையும் கொஞ்சம் ஏளனமாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அழுகைதான் வந்தது. அவள் கைக்குட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, "அழுறதுன்னா வெளிய போய் அழு. இங்க சாம்பிள் இருக்கு" என்றாள்.

அன்றைக்கே அவள் அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்று பெயர் கொடுத்தாள். ஐந்து வாரம் கழித்து நாள் கிடைத்தது. யாரிடமும் கேட்கவில்லை. அத்தானிடம் தகவலாகத்தான் சொன்னாள். அவர் உள்ளறைப் பக்கம் ஒரு எட்டு வைத்தார். "சுவரப் பாக்க வேணாம். அன்னைக்கு வட்டி விகிதம் இருக்கு, நான் பாத்துட்டேன். போறேன்" என்றாள்.

ஆபரேஷன் அன்று நானும் அவரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர். அவர் மனைவியும் உள்ளே. மிச்சம் இருந்த கொஞ்சத்தையும் கவர்னர் காலையில் எதிலோ போட்டுவிட்டு வந்திருந்தார் என்பது, அவர் போனைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. டிரைவருக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். நாலு மணிக்கு ரேட் ஏறினால் என்ன ஆகும், இறங்கினால் என்ன ஆகும்.

"ரெண்டும் இல்லாம அப்படியே இருந்துட்டா?" என்று டிரைவர் கேட்டார்.

"அது இன்னும் சிக்கல்" என்றார் அத்தான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நர்ஸ் கதவைத் திறந்து அக்காவின் படுக்கை எண்ணைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு? கண் முழிச்சிட்டாங்க" என்றாள். அத்தான் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "நீ போம்மா. நான் அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

டிரைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அத்தனை வருஷத்தில் தோன்றிய எந்த வசவும் அந்தப் பார்வைக்கு ஈடாகாது.

உள்ளே அக்கா வெளிறிப்போய்க் கிடந்தாள். உதடு வறண்டிருந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றினேன். "அவர் எங்க?" என்றாள்.

இந்தத் தடவை நான் எதையும் விழுங்கவில்லை. "வெளியில இருக்கார். நாலு மணிக்காகக் காத்துட்டு இருக்கார்."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. தையல் இழுத்தது போலும், உடனே போய்விட்டது.

ஏழெட்டு நிமிடம் கழித்து அத்தான் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, கையில் இருந்ததைச் சொன்னார். "மாத்தமில்லையாம். அப்படியே வச்சிட்டாங்க."

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து, "நாளைக்கு மாத்திரை, கட்டு எல்லாம் யார் பொறுப்பு? வீட்டுக்காரர் ஒரு கையெழுத்து போடுங்க" என்று பேனாவை அவரிடம் நீட்டினாள். அவரும் கையை நீட்டினார்.

"அவர் வேணாம்" என்றாள் அக்கா. குரல் மெதுவாகத்தான் வந்தது. "என் தங்கச்சி போடுவா."

நீட்டிய கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நர்ஸ் படிவத்தை என் பக்கம் திருப்பினாள். நான் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன்.