இரண்டாவது பிரேக்

இருக்கை பின்னால் நகர மறுத்தது. கண்ணாடிக்காரர் அடியில் கையை விட்டுக் கம்பியைத் துழாவினார், இழுத்தார், ஒரு முறை எம்பியும் பார்த்தார். முழங்கால் இரண்டும் முன்பலகையில் இடித்துக்கொண்டே இருந்தன.

"அது வராது சார்," என்றார் ஸ்டியரிங்கின் முன்னால் இருந்த பல் டாக்டர். "டீச்சர் உயரத்துக்கு வச்சு அப்படியே இறுகிப்போச்சு. காலை மடக்கிக்கோங்க."

அவர் காலை மடக்கிக்கொண்டார். வாசலில் அவர் மனைவியின் உடலை ஏற்றிய நீள வண்டி புறப்படத் தயாராக நின்றது. அதில் அவருக்கும் இடம் போட்டிருந்தார்கள். கடைசி நிமிடத்தில், "நான் அவ வண்டியில வரேன்" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து ஏறிக்கொண்டார். மைத்துனருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அத்தான், அக்காவைக் கொண்டுபோற அன்னைக்கு, தலையில பலகை மாட்டின பயிற்சி வண்டியிலயா?" என்று கேட்டுவிட்டு, அவரைத் தனியே விட மனமில்லாமல் தானும் பின்னால் ஏறினார். அங்கே ஏற்கெனவே, அக்காவிடம் வண்டி ஓட்டக் கற்ற ஒரு பேக்கரிக்காரரும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். மைத்துனர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கு நடுவில் இடிபட்டு உட்கார்ந்தது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல்தான், ஆனாலும் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்காரரின் மனைவி இந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த டீச்சர். வண்டிக்கு இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் அவள் காலடியில். பல் டாக்டர் அவளுடைய கடைசி மாணவி. பிறர் வாயில் துளைபோடும்போது நடுங்காத கை, ரவுண்டானாவைக் கண்டால் நடுங்கும். பரீட்சையில் அவர் தோற்றுத் தோற்று, பரீட்சை அதிகாரி கடைசியில் வீட்டு நலம் விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். போன மாதம்தான் பாஸ். மருத்துவமனைப் படுக்கையில் அந்தச் செய்தியைக் கேட்ட அவள், "அப்பாடா, இனி நான் நிம்மதியாப் போகலாம்" என்றாள். பல் டாக்டர் சிரித்தார். பிறகு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்.

வண்டி கிளம்பியதும் பாட்டும் கிளம்பியது.

"இதை நிறுத்தேம்மா," என்றார் மைத்துனர்.

"நிறுத்த வராது சார். சத்தத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்."

அது ஒரு பாடகியின் தனி ஆல்பம். நான்கு பெண்கள் சேர்ந்து குதித்துக் குதித்துப் பாடிய குழு ஒன்றில் அந்தப் பாடகி இருந்த காலத்திலிருந்தே டீச்சர் அவருக்கு ரசிகை. குழு கலைந்தது, பாடகி காணாமல் போனார். ஐம்பது தாண்டியபின் ஒருநாள், பக்கத்தில் யாரும் இல்லாமல், குதிக்காமல், ஒன்பது பாட்டோடு திரும்பி வந்தார். இவள் வட்டை வாங்கி வந்து வண்டியில் போட்டாள். வண்டி அதை விழுங்கியது, திருப்பித் தரவில்லை. ஒரு திருப்புளியும் பத்து நிமிடமும் இருந்தால் எடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதற்கு, "இருக்கட்டும், அதுவா மனசு வந்து கொடுக்கும்போது கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அன்றுமுதல் அவளிடம் கற்க வந்த ஒவ்வொருவரும் கியர் போடுவதோடு சேர்த்து அந்த ஆல்பத்தையும் கற்றார்கள். பாட்டு நடக்கும்போது, அதுவும் ரவுண்டானாவுக்குள் நுழைகிற நேரம் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். பதில் சொல்ல முடிந்தால் கைக்குப் பயம் விட்டுவிட்டது என்று அர்த்தம்.

வீட்டிலும் அதே கேள்விதான். கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க, "இது தெளிவா இருக்கா, அதுவா? இதுவா, அதுவா?" என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்து வருவார். வீட்டுக்கு வந்தபின் கஞ்சியானாலும் புடவையானாலும் பாட்டானாலும் ஒரே பதில், "நல்லா இருக்கு."

"ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் இதுவா அதுவான்னு குடையிறீங்க. எனக்கு மட்டும் எப்பவும் ஒரே நம்பர்," என்பாள். கோபமாக இல்லை. கண்ணாடி சார் என்று கூப்பிட்டுக் கேலி செய்யும் அதே குரலில்.

முதல் திருப்பத்தில் அவருடைய போன் அடித்தது. தகன மண்டபத்து மேலாளர். உங்களுக்கு அடுத்து இன்னொரு குடும்பம் இருக்கிறது, ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம், எது என்று வந்து சேர்வதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார் பணிவாக.

"பாட்டெல்லாம் எதுக்கு அத்தான்? வார்த்தை இல்லாம வாத்தியம் மட்டும் மெல்லமா வைக்கச் சொல்லுங்க. ஒரு மரியாதை வேண்டாமா?"

"டீச்சருக்கா? வாத்தியமா?" பேக்கரிக்காரர் திரும்பினார். அந்த இடத்தில் திரும்புவது சுலபமில்லை. "இந்த ஆல்பத்துலதான் ஒண்ணு போடணும். நாலாவது பாட்டு. எனக்கு மிச்சமெல்லாம் தூக்க மாத்திரை, மறைச்சுச் சொல்ல மாட்டேன். பழைய துள்ளல் எங்கே போச்சுன்னே தெரியல. ஆனா அந்த நாலாவது! மாவு பிசையறப்ப அதைத்தான் முணுமுணுப்பேன்."

"துள்ளல் கேட்டா பழைய பாட்டையே கேளுங்களேன்," என்றார் நர்ஸ். "அந்தம்மா மூச்சு வாங்குறதைக்கூட மறைக்காமப் பாடியிருக்காங்க. ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து கிளாஸுக்கு உக்காருவேன், அஞ்சாவது பாட்டு வரும், யாரோ என் காலைப் பிடிச்சுவிடுற மாதிரி இருக்கும். அஞ்சாவதுதான்."

"முதல் பாட்டு," என்றார் பல் டாக்டர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் அலட்டல்தான். ஆனா எனக்கு எஞ்சினை அணைய விடாமக் கிளப்ப வந்ததே அந்தப் பாட்டுலதான்."

"சரி, அக்காவுக்கு எது பிடிக்கும்? அதைச் சொல்லுங்க யாராவது."

மூவரும் வாய் திறந்தார்கள், மூவரும் மூடிக்கொண்டார்கள்.

"என்கிட்ட நாலாவது மட்டம்னு சொன்னாங்க," என்றார் பேக்கரிக்காரர் மெதுவாக.

"என்கிட்ட நாலாவதுதான் உசத்தின்னாங்களே. அஞ்சாவதைக் கிழிச்சாங்க."

"யாரு எதைச் சொன்னாலும் அதுக்கு எதிர்க்கட்சி," என்றார் பல் டாக்டர். "ஒத்துக்கிட்டா பேச்சு நின்னுடும்ல? பேச்சு நின்னா எனக்கு நடுக்கம் வந்துடும். சிவப்பு விளக்குல நிக்கிறப்பவும் சண்டைதான். டீச்சர் ஒரு பாட்டை வாயை மூடிக்கிட்டுக் கேட்டு நான் பார்த்ததே இல்ல."

மைத்துனர் முன்னால் குனிந்தார். "அத்தான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தாயிற்று. இந்த ஒன்பதில் அவளுக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவளுக்காக இன்னும் செய்ய மிச்சமிருந்தது இந்த ஒரு வேலை. இதையும் "எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

சாலை ஊர்ந்தது. முன்னால் போன வண்டி ஒவ்வொரு விளக்கிலும் நின்றது. பல் டாக்டரும் நின்றார், கிளம்பினார், நின்றார். பின்னிருக்கையில் கட்சி பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தது. இரண்டாவது பாட்டு இழுவை என்பதில் மட்டும் மாணவர்கள் மூவருக்கும் ஒரே கருத்து. அதைக் கேட்டு, பாட்டே வேண்டாம் என்ற மைத்துனரே, "இல்லையே, இது அப்படியொண்ணும் மோசமில்லையே" என்று சொல்லி மாட்டிக்கொண்டார். நர்ஸ் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவள் இருந்திருந்தால் இந்நேரம் மைத்துனரின் கட்சியில் சேர்ந்திருப்பாள் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். காலையிலிருந்து யார் யாரோ வந்து அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருந்தார்கள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. இந்தச் சண்டை இறங்கியது. இவர்களை இப்படிப் பேசப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்தது.

மண்டபத்தின் கூரை தூரத்தில் தெரிந்தபோது ஆறாவது பாட்டு முடிந்தது. பல் டாக்டரின் இடது கை தானாக முன்பலகைக்குப் போனது.

"என்ன செய்யறீங்க?"

"ஏழாவதைத் தள்ளிட்டு எட்டுக்குப் போறேன் சார். அதுல கீறல் விழுந்திருக்கு. டீச்சர் எப்பவும் தள்ளிடுவாங்க."

"ஆமா, கீறல்," என்றார் நர்ஸ். பேக்கரிக்காரரும் தலையாட்டினார்.

"விடுங்க," என்றார் கண்ணாடிக்காரர். குரல் சற்று உரக்கவே வந்துவிட்டது. "கீறல் இல்ல. நான் கேட்டிருக்கேன்."

பல் டாக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

பியானோ ஒன்று தயங்கித் தயங்கித் தொடங்கியது. அதன்மேல் அந்தக் குரல், எந்த அலங்காரமும் இல்லாமல். எங்கும் சிக்கவில்லை, எங்கும் குதிக்கவில்லை.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்து அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்த நாட்கள். ஒரு மத்தியானம், வண்டியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றாள். வண்டிக் கொட்டகைவரை தாங்கிக் கூட்டிப்போனார். அவள் தன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவரை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொன்னாள். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "பரவாயில்ல, வண்டி ஓடாது, பாட்டு மட்டும்தான் ஓடும்" என்றாள். ஆறு பாட்டு ஓடியது. ஆறு முறை "எப்படி இருக்கு?" என்று கேட்டாள், ஆறு முறையும் "நல்லா இருக்கு" என்றார், ஆறு முறையும் மூக்கால் சிரித்தாள். ஏழாவதற்கு அவள் எதையும் தள்ளவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. கியர்மேல் கிடந்த அவர் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு முன்கண்ணாடி வழியே கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் அவர், "நல்லா இருக்கு" என்றார்.

"ம்," என்றாள்.

களைத்துவிட்டாள் என்று நினைத்து உடனே உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார். இந்த நிமிடம்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் அதைச் சொல்லி முடித்தார். எதிர்க்கட்சியே இல்லை. மைத்துனர் பின்னாலிருந்து கையை நீட்டி, அவர் மடியிலிருந்த போனை எடுத்தார். "சார், ஏழாவது பாட்டு... ஆமா, அந்த ஆல்பம்தான். ஏழாவது," என்று மேலாளரிடம் சொன்னார். ஒரு முறைக்கு இரு முறை சொன்னார்.

பாட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்தபடியே பல் டாக்டர் மெல்லக் கேட்டார். "எப்படி இருக்கு சார்?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். கடையில் ஒரு வில்லையை எடுத்து இன்னொன்றைப் போட்டுவிட்டு அடுத்தவர் பதிலுக்குக் காத்திருப்பாரே, அவ்வளவு நேரம் யோசித்தார்.

"நடுவுல ஒரு இடத்துல குரல் எட்டல," என்றார். "எட்டலேன்னு தெரிஞ்சும் அந்தம்மா அங்கே போறாங்க. அந்த இடம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன் அத்தான்," என்றார் மைத்துனர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னதால் அது கேலியா இல்லையா என்று தெரியவில்லை.

மண்டபத்து வாசலுக்கு முன்னால் சாலை இறங்கியது. முன்னால் போன நீள வண்டி திடீரென வேகத்தைக் குறைத்தது, அதன் பின்விளக்குகள் சிவந்தன. கண்ணாடிக்காரரின் கால் தன்னையறியாமல் நீண்டு கீழே எதையோ தேடியது. குனிந்து பார்த்தார். அவளுடைய பிரேக். அதன் ரப்பர் கடையிலிருந்து வந்த அன்றைய வரிகள்கூட அழியாமல் புதிதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு விரல்கடை தள்ளி, தரைவிரிப்பு தேய்ந்து நூல் தெரிய ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. இத்தனை வருடமும் அவள் குதிகால் அழுத்தாமல் காத்திருந்த இடம்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் குதிகாலை அந்தக் குழியில் வைத்துக்கொண்டார். பல் டாக்டர் தானாகவே பிரேக் போட்டார். வண்டி குலுங்காமல் நின்றது.