கோட்டின் மேல் நின்ற அண்ணன்

என் அண்ணனின் இடது சிறுநீரகத்தைக் கட்டியோடு சேர்த்து முழுசாக எடுத்துவிட்டார்கள். "ஒண்ணு போனா என்ன, ஸ்பேர் இருக்கில்ல" என்று அண்ணன் சிரித்தான். லிஃப்ட் மெக்கானிக், உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஸ்பேர் உண்டு என்று நம்புகிறவன். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. நோய் மறுபடி வருமா? அவள் கேட்டதும் அதுதான், நான் கேட்டதும் அதுதான். டாக்டர் "பார்ப்போம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

மற்றவர்கள் என்றால் அத்தோடு விட்டுவிடலாம். என் பிழைப்பே அந்தக் கேள்விதான். சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டிகளில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்ப்பவள் நான். ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து வந்த மரபணுப் பங்காளிகளைக் குடும்பம் என்போம். எங்கள் கையில் இருக்கும் குடும்பம் நல்ல சிறுநீரகத்தில் இருக்குமிடம் தெரியாமல் இருக்கும். கட்டிக்குள், சிலரிடம் மட்டும், கத்தித் தீர்க்கும். அப்படிக் கத்தினால் நோய் சீக்கிரம் திரும்புமா, அதை ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ளலாமா என்பதே ஆராய்ச்சி. இப்போதைக்கு விடை, "இருக்கலாம்". அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

முறை சாதாரணம். நோயாளிகளை அந்தச் சத்தத்தின் அளவுப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் கோடு போடுவோம். நடு ஆளும் அவருக்கு மேலே இருப்பவர்களும் 'அதிகம்'. மற்றவர்கள் 'குறைவு'.

பெயர் எங்களுக்கு வராது, எண்தான் வரும். ஆனால் வயது, எந்தப் பக்கச் சிறுநீரகம், கட்டியின் அளவு எல்லாம் கூடவே வரும். திசுவை ஆராய்ச்சிக்குத் தர அண்ணன் கையெழுத்துப் போட்டபோது பேனா கொடுத்ததே நான்தான். அவன் எண்ணை நான் தேடக் கூடாது. தேடினேன். உங்கள் அண்ணனாக இருந்தால் நீங்களும் தேடியிருப்பீர்கள்; எனக்கு உபதேசம் வேண்டாம்.

அவன்தான் நடு ஆள். 'அதிகம்' கூட்டத்தின் கடைசி ஆள். நோய் திரும்பாமல் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் வரைபடம் அந்தக் கூட்டத்துக்கு மாடிப்படி போல மடமடவென்று கீழே இறங்கும்; ஒருவருக்கு நோய் திரும்பினால் ஒரு படி. தினமும் பார்க்கிற படிகள்தான், அன்றைக்கு ஒவ்வொன்றிலும் அவன் முகம் தெரிந்தது. அவன் வீட்டுக்குப் போவதையே நிறுத்தினேன். அண்ணி போன் செய்தபோது வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொன்னேன்.

அடுத்த வாரம் புதிதாக ஒருவரின் திசு வந்தது. அதில் அந்த மரபணுக் குடும்பம் கத்தி ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒருவர் சேர்ந்தால் நடு கொஞ்சம் மேலே நகரும். நகர்ந்தது. அண்ணன் 'குறைவு' பக்கம் வந்துவிட்டான்! நான் எழுந்து நின்று கைதட்டினேன். "என்ன, கல்யாணம் முடிவாயிடுச்சா?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எங்கள் தொழிலில் அது தலைகீழ். பானையைப் பற்றிப் பேசலாம், தனி ஒரு சோற்றைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தருகிறவளே நான்தான். அன்று அதெல்லாம் நினைவிலேயே இல்லை. மாலையில் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து மின்விசிறி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வாடி வாலு. போன வாரம் ஆளையே காணோம். இன்னைக்கு வாயெல்லாம் பல்லா இருக்கு. என்ன விஷயம்?"

அவன் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"இரு. என் உடம்புல ஏதாவது மாறிச்சா?"

"இல்ல."

"போன வாரம் இருந்த அதே அளவுதானே?"

"அதேதான்."

"எனக்கு மேல ஒருத்தர் வந்து நின்னாரு. அதுக்கு நீ கைதட்டின. லிஃப்டுல இன்னொரு குண்டு ஆள் ஏறினதும் என் எடை குறைஞ்சிடுச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு உன் கணக்கு."

நான் திருப்புளியை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"மறுபடி வருமா வராதான்னு அது சொல்லாதா?"

"உனக்குன்னு தனியா சொல்லாதுண்ணா. அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப பாத்துக்கலாம். நீ மட்டும் வராம இருக்காத. வியாதிய கண்டுபிடிச்சப்பகூட நான் இவ்வளவு பயப்படல. நீ வரலைன்னதும்தான், ஏதோ தெரிஞ்சுபோய் ஒளியறியோன்னு பயந்துட்டேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கு அவன் வேண்டும், எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் வேண்டும். அதை அப்படியே சொன்னேன். அவன் தலையாட்டினான்.

"அந்தப் புதுசா வந்தவருக்கு வீட்டுல யாரு இருக்காங்க?"

"தெரியாதுண்ணா. பேர்கூட வராது, நம்பர்தான்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் பக்கத்தில் நகர்ந்து வந்தான்.

"எனக்காக அழறியா, அவருக்காகவா?"

"தெரியல."

"சரி, ரெண்டு பேருக்கும் சேத்தே அழு" என்று தன் சட்டை நுனியை என்னிடம் நீட்டினான்.