அறுபது கிலோ

தாடையைக் கட்டக் கிழித்த துணி எட்டவில்லை. பழைய வேட்டியின் கரையோரமாக ஒரு கீற்றுக் கிழித்து, அதை முகவாய்க்கு அடியில் கொடுத்து, இரண்டு கன்னங்களையும் அணைத்து உச்சிக்குக் கொண்டுபோனாள் அமுதவல்லி. முடிச்சுப் போட இரண்டு விரற்கடை போதாமல் நின்றது. தம்பியின் முகம் எவ்வளவு என்று கைக்குத் தெரியும் என்றுதான் அளக்காமல் கிழித்திருந்தாள். கை நினைவில் வைத்திருந்தது பழைய முகம்.

"இன்னொண்ணு கிழிங்கக்கா," என்றாள் பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரி. "நான் புடிச்சுக்கறேன்."

அமுதவல்லி இன்னொன்று கிழித்தாள். இந்த முறை தாராளமாக.

காலை ஆறு மணிக்கு எழுந்து முகம் கழுவி வந்து வாசற்படியில் உட்கார்ந்தவன், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "வாயு புடிச்சாப்பல இருக்குதுக்கா," என்றான். அவள் சுக்குத் தட்டிப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து எடுத்து வருவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தான். எஸ்டேட் ஜீப்பில் வந்த டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இதயம் என்றார். சின்னராஜுக்கு நாற்பத்து நாலு வயது.

எட்டு மணிக்குள் வெள்ளக்கடை ஊரில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். ஊரில் சாவுக் காரியங்களை முன்னின்று செய்யும் செல்லப்பன் மாமா நாற்காலி போடச் சொல்லி, குழி வெட்ட ஆள் அனுப்பி, கரடியூருக்குப் போன் பண்ணியாயிற்றா என்று மூன்றுமுறை கேட்டார். கரடியூரில்தான் சின்னராஜின் மனைவி கலா இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாலையில், குடித்துவிட்டு விழுந்து கிடந்தவனைத் தாண்டிப் பிறந்த வீட்டுக்குப் போனவள். பிள்ளைகள் இல்லை.

அன்பழகன் ஒன்பது மணிக்கு வந்தான். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் மெஷினில் சின்னராஜோடு இருபது வருடம் வேலை பார்த்தவன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு குவாட்டர் புட்டியை எடுத்து மாமாவின் நாற்காலிக் காலடியில் வைத்தான்.

அமுதவல்லி பார்த்துவிட்டாள். "அது என்னத்துக்கு?"

"வாய்க்கரிசிக்குங்கக்கா."

அவர்கள் ஊரில் குடிக்கிறவர் செத்தால் வாய்க்கரிசி போடும்போது ஒரு மூடி பிராந்தியும் உதட்டில் விடுவார்கள். மிச்சம் புட்டியோடு குழிக்குள் தலைமாட்டில் போகும். கொடுக்காமல் அனுப்பினால் ஆசை அடங்காது என்று பேச்சு.

"அவன் நிறுத்திப் பதினாலு மாசமாச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதானுங்க கொண்டாந்தேன். தெனமும் குடிச்சிருந்தான்னா ஆச தீந்திருக்கும், வெறுங்கையோட வந்திருப்பேன். பதினாலு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருக்கறான். போறப்பவாச்சும் ஒரு சொட்டு நனையட்டுமுங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "திடீர்னு நிறுத்துனா ஒடம்பு தாங்குமாக்கும்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

அமுதவல்லி மாமாவைப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீ அக்காகாரி அம்மிணி. உன் மனசு புரியுது. ஆனா வாய்க்கரிசியில என்ன போடறது, என்ன விடறதுன்னு கட்டுனவதான் சொல்லோணும். கலா வரட்டும். அவ ஊத்துங்கன்னா ஊத்தறோம், வேண்டாம்னா விட்டுடறோம்."

அவள் தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். கலாவுக்கு எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரியாமல் வைத்ததே அமுதவல்லிதான்.

அமுதவல்லி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். சாப்பிட மறுக்கும் பிள்ளைகளைப் பதினெட்டு வருடம் பார்த்தவள். பதினாலு மாதத்துக்கு முன் குடியை நிறுத்தச் சின்னராஜைச் சேலம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது அவளுக்கு எளிதாகப் புரிந்தது: ஒரேயடியாகப் போடாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சம். வயிறு காலியாக இருந்தால் குடி கூப்பிடும்.

ஆனால் பிள்ளைகளுக்குப் பசி இருக்கும், வீம்புதான் தடுக்கும். இவனுக்குப் பசியே இல்லை. கடுகு தாளிக்கும் வாசனைக்கே ஓங்கரித்தான். தாளிக்காமல் சமைத்தாள். சாமைக் கஞ்சியை மோர் போலக் கரைத்துக் கொடுத்தால் மூன்று கரண்டி இறங்கும், நாலாவது திரும்பி வரும். கை நடுக்கத்தில் கரண்டி பல்லில் அடிக்கும். அவள் ஊட்டப் போனால், "சின்னப் புள்ளையாட்டம் பண்ணாதக்கா," என்பான். டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி அரிசியில் கல் பொறுக்குவாள். அந்தி சாயும் நேரம்தான் கஷ்டம். ஐந்தரைக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடும். ஐந்தே காலுக்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கோ கொண்டைக்கடலையோ அவித்து, ஒரு துண்டு வெல்லமும் வைத்துக் கையில் திணிப்பாள். "மென்னுக்கிட்டே எங்க வேணா போ," என்பாள். மென்றுகொண்டே வாசல்வரை போய்த் திரும்புவான். பல்பரில் புளித்த பழத்தோல் வாடை சாராயத்தை ஞாபகப்படுத்துகிறது என்று கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் கேட்டுக் காப்பி காயவைக்கும் களத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டான்.

இருபத்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கீரை கடைந்து சோறு போட்டிருந்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தான். மறுபடியும் வாந்திதான் என்று அவள் வாளியை எடுக்கப் போனாள்.

"உப்புக் கம்மியா இருக்குதுக்கா," என்றான்.

அத்தனை நாளும் உப்புப் போடாமல் கொடுத்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. அவள் உப்பு எடுக்கிற சாக்கில் அடுப்பங்கரைக்குள் போய், அங்கேயே சற்று நேரம் நின்றாள். வெளியிலிருந்து, "உப்பு வாங்க சேலம் போயிட்டியா?" என்று சத்தம் வந்தது.

அதன்பிறகு பசி வந்தது. முதலில் முற்பகலில் ஒருமுறை, பிறகு நினைத்த நேரமெல்லாம். முட்டை, அவரைக்காய், ராகிக்களி, தோட்டத்தில் விழுந்த பட்டர் ப்ரூட்டை வெல்லம் போட்டுப் பிசைந்து ஒரு கிண்ணம். சனிக்கிழமைதோறும் எஸ்டேட்டில் பழமூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றான். முதல்முறை நாற்பத்தொன்று. "ஒரு மூட்டைக்குப் பத்தலியே சின்னராஜு, உன்ன எந்தக் கணக்குல வெக்கறது?" என்று ரைட்டர் சிரித்தாராம். நாற்பத்தாறு. ஐம்பது. ஐம்பத்து மூன்று.

நாற்பத்தாறு ஆனபோது, கரடியூர் போய்க் கலாவைக் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டான். ஐந்துமுறை நிறுத்திவிட்டேன் என்று சத்தியம் பண்ணி, ஐந்துமுறையும் அவளிடம் மாட்டியவன். அமுதவல்லிதான் வேண்டாம் என்றாள்.

"கன்னம் ரெண்டும் ஒட்டிக் கெடக்குது சாமி. இப்படியே போயி நின்னா, இப்பத்தான் கடையில இருந்து எந்திரிச்சு வந்துருக்கறான்னு நெனப்பா. உன் பேச்ச அவ நம்ப மாட்டா. ஒடம்பப் பாத்தா நம்புவா. அறுபது ஆகட்டும்."

அவனுக்கும் அது சரியென்று பட்டது. அறுபது ஆகும்வரை யாரும் கலாவிடம் மூச்சு விடக்கூடாது என்று ஊரில் சொல்லி வைத்தான். போன சனிக்கிழமை ஐம்பத்தெட்டு.

பதினொரு மணிக்குக் கலா வந்தாள். அவள் அண்ணன் மோட்டார் பைக்கை ரோட்டிலேயே நிறுத்திவிட, தனியாக நடந்து வந்தாள். பெண்கள் அழுகையைக் கூட்டினார்கள். அவள் அழவில்லை. கால்மாட்டில் நின்று முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தன நாளா இப்பிடி வீங்கியிருக்குது?" என்றாள்.

அழுதவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"ஈரல் வீக்கம் மூஞ்சிக்கு வந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எங்க பெரியப்பனுக்கே சொன்னாங்க," என்றாள் கலா, பொதுவாக. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"வீக்கமில்ல கலா," என்றாள் அமுதவல்லி. "சதை. சோறு தின்ன சதை. பதினாலு மாசமா அவன் தொடல."

கலா அவளைப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். தம்பியை விட்டுக்கொடுக்காத ஓர் அக்காவைப் பார்க்கிற பார்வை.

"சரிங்கக்கா," என்றாள்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு புட்டியைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். அன்பழகன் எழுந்து நின்றான்.

"ஊத்துங்க," என்றாள் கலா. "உசுரோட இருக்கறப்ப நான் வேண்டாம்னு சொல்லிக் கேட்டாரா? ஊத்துங்க."

அமுதவல்லி தம்பியின் வாயைப் பார்த்தாள். ஒவ்வொரு கரண்டியாக அவள் மீட்டு எடுத்த வாய் அது. ஆனால் ஐந்துமுறை ஏமாந்தவளிடம் ஆறாவதுமுறை சத்தியம் பண்ண அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

குளிப்பாட்ட நான்கு பக்கமும் சேலை பிடித்தார்கள். ஆண்கள் முதுகைத் தேய்த்துவிட்டு வெளியே போனபின் பெண்டாட்டி செய்ய வேண்டிய முறை இருந்தது. கால்களுக்கு எண்ணெயும் சீயக்காயும் வைக்க வேண்டும். கலா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அமுதவல்லி சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"நான்தான் உன்கிட்ட வரவேண்டாம்னு தடுத்தேன்," என்றாள் மெதுவாக, சேலைக்கு வெளியே கேட்காதபடி. "எலும்பும் தோலுமா வந்து நிக்கக்கூடாதுன்னு. அறுபது கிலோ ஆகட்டும்னேன். ரெண்டு கிலோதான் பாக்கி. தப்பு என்னோடது."

கலா எண்ணெயைத் தேய்த்தாள். கணுக்காலுக்கு மேலே வந்ததும் கை நின்றது. கட்டைவிரலை முன்னங்காலில் வைத்து அழுத்தினாள். குடிகாரன் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீக்கமென்றால் விரலை எடுத்ததும் குழி விழுந்து அப்படியே நிற்கும். சின்னராஜோடு இருந்த கடைசி வருடம் முழுக்க அவள் தினமும் அழுத்திப் பார்த்த இடம் அது.

விரலை எடுத்தாள். குழி இல்லை.

இன்னும் கொஞ்சம் மேலே அழுத்தினாள். பிறகு மற்ற காலில். பிறகு கெண்டைச் சதையை உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தாள். கை நிறைந்தது.

"என்ன திம்பாரு?" என்றாள்.

"எல்லாம் திம்பான். நேத்து ராத்திரி சாமைச்சோறும் அவரைக்காக் கொழம்பும். வாங்கி வாங்கித் தின்னான்."

"எங்கிட்ட பன்னெண்டு வருசம்," என்றாள் கலா. "மறுசோறு ஒரு நாளும் கேட்டதில்லைங்கக்கா. தட்டுல போட்டதையே நாய்க்குத்தான் வெப்பேன். எனக்குத்தான் கைப்பக்குவம் இல்லையோன்னு..." அவள் சொம்பை வாங்கி அவன் பாதங்களில் ஊற்றினாள்.

இரண்டு மணிக்கு வெயில் இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் பனிமூட்டம் வரத் தொடங்கியது. புது வேட்டி கட்டிக் கிடத்தியிருந்தார்கள். அன்பழகன் புட்டியைத் திறந்து மூடியில் அளந்து ஊற்றி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றான்.

"வேண்டாங்கண்ணா," என்றாள் கலா.

அவன் மாமாவைப் பார்த்தான்.

"நீதானே கண்ணு ஊத்தச் சொன்னே?" என்றார் மாமா.

"அப்ப சொன்னனுங்க. இப்ப வேண்டாம்."

அன்பழகன் மூடியிலிருந்ததைத் திரும்பப் புட்டிக்குள் ஊற்றித் திருகிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

ஊறிய அரிசி முறத்தில் வந்தது. அமுதவல்லி நாலு மணி அரிசி எடுத்துப் போட்டாள். உறவுக்காரர்கள் ஆளுக்கு நாலு மணி. கடைசியாகக் கலா கையை முறத்துக்குள் விட்டு ஒரு பிடி நிறைய அள்ளினாள்.

"கொஞ்சம் போதும் கண்ணு," என்றார் மாமா.

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. குனிந்து, உதடுகளுக்கு நடுவில் வைத்தாள். பாதி உள்ளே நின்றது, பாதி தாடையில் வழிந்து கழுத்து மடிப்பில் விழுந்தது. பாடை தூக்க நான்கு பேர் தோளில் துண்டு மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கலா அவசரப்படவில்லை. விழுந்த ஒவ்வொரு மணியாக விரல் நுனியால் ஒற்றி எடுத்து, அவன் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.