மூன்று கூட்டங்களுக்கு வராதவர்

கையில் அப்பியிருந்த சங்கிலி மசியை மகள் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இறப்புச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் போய் வரும் வழியில் சங்கிலி கழன்றுவிட்டது. இன்றைக்குத்தானா சனியனே என்று திட்டிக்கொண்டே மாட்டினாள். முன்னறையில் அப்பா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார்.

"வந்துட்டான் பாரு மகராசன், கையில மலர் வளையத்தோட," என்று கொல்லைப்பக்கம் வந்து அத்தை கிசுகிசுத்தாள். "நடுவீட்ல நின்னு கண்ணைத் துடைக்கிறான். ஒரு சொட்டு வரலை."

சைக்கிள் சங்கச் செயலாளர்தான். மகள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா மின் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர். தெருத்தெருவாக சைக்கிள் மிதித்தே ஓய்வு பெற்றார். பத்தொன்பது வருஷத்துக்கு முன் சைக்கிள்காரர்கள் சங்கத்தைத் தொடங்கி, அதன் விதிகளையெல்லாம் தன் கையாலேயே எழுதினார். பள்ளிக்கூடச் சாலையில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை வந்தது அவர் ஆறு வருஷம் அலைந்ததால்தான். கடைசி மூன்று மாதம் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த மூன்று மாதமும் தவறாமல் கூட்டம் போட்ட செயலாளர், 'தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் பதவி இழப்பார்' என்ற அப்பாவின் விதியைக் காட்டியே அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினார். அடுத்த வாரமே மாநகராட்சிக்கு ஒரு கடிதம் போனது. பள்ளிக்கூடச் சாலையில் சைக்கிள் பாதையை எடுத்துவிட்டு கடைகளுக்கு வரும் கார்களை நிறுத்திக்கொள்ளலாம், சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. பதிலுக்கு செயலாளருக்குப் போக்குவரத்துக் குழுவில் ஒரு நாற்காலி.

"அந்தக் கடிதத்துல என் பேரு இருக்காம்மா?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். இருந்தது. இல்லை என்று மகள் சொன்னாள். அவர் நம்பவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்கம்மா," என்றார் செயலாளர். "நாளைக்குக் காலையில மாநகராட்சிக் கூட்டத்துல தலைவருக்கு ஒரு நிமிஷம் மௌனம்னு ஏற்பாடு பண்ணிட்டேன். அது முடிஞ்சதும் நம்ம கடிதத்தை எடுத்துக்குவாங்க."

"அப்பா பேரை எடுத்துட்டீங்களா?"

"எதுக்கு எடுக்கணும்? நிறுவனர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கோம். மரியாதை இல்லையா அது?"

அந்த மலர் வளையத்தை அவர் கழுத்திலேயே மாட்டிவிடலாம்போல் இருந்தது அவளுக்கு. அலமாரிக்குப் போய், சங்க உறுப்பினராக அவளே எழுதிவரும் தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குள் உறுப்பினர்கள் வந்து சேர்ந்தார்கள். தபால்காரர், டீச்சர், பஞ்சர் கடைக்காரர், ஆஸ்பத்திரி நர்சுகள் என்று எல்லாரும் சைக்கிளில்தான். முற்றம் நிறைந்து வாசல் கேட்டுக்கு வெளியேயும் சைக்கிள்கள் நின்றன. செயலாளர் பையிலிருந்து நான்கு பக்க இரங்கல் உரையை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"பேசறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சார்." அவள் எழுந்து நின்றாள். "நம்ம ரெண்டாவது விதி. 'முப்பது உறுப்பினர் சைக்கிளோடு எங்கே கூடினாலும் அது சங்கக் கூட்டம். அழைப்பு வேண்டியதில்லை.' ஆபீஸ் இல்லாம ரோட்டோரத்துல கூடின காலத்துல அப்பா எழுதினது. இப்ப கூட்டம் ஆரம்பிக்குது."

"என்னடி இது, அப்பா கிடக்கிறப்போ?" என்றாள் ஐஸ் பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மா.

"சாவு வீட்ல கூட்டமா? கேட்கவே அசிங்கமா இல்லை?" என்று செயலாளர் குரலை உயர்த்தினார்.

"மூக்குல ட்யூபோட கிடந்தவரைக் கூட்டத்துக்கு வரலைன்னு நீக்கினீங்களே, அது அழகா இருந்துச்சா?"

"விதின்னா விதிதான் சார்," என்றார் பஞ்சர் கடைக்காரர் சாவதானமாக. "அன்னைக்கு நீங்க சொன்னதுதான்."

"சரி, நடத்து. நீ மட்டும் எப்படிக் கை தூக்குவே? சைக்கிள்ல வந்தவங்கதானே தூக்கணும்? நீ வீட்லயே இருக்கிறவ," என்றார் செயலாளர்.

அவள் கையை விரித்துக் காட்டினாள். நகக்கண்ணில் மசி கறுப்பாக இருந்தது. "காலையில சான்றிதழ் வாங்க சைக்கிள்லதான் போயிட்டு வந்தேன். நீங்க எதுல வந்தீங்க சார்?"

முற்றத்து மூலையில் சுவரை ஒட்டி நின்ற வெள்ளைக் காரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தீர்மானம் ஒண்ணு. மாநகராட்சிக்குக் கொடுத்த கடிதம் வாபஸ். ரெண்டு, செயலாளர் நீக்கம். சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்."

டீச்சர் முதலில் தூக்கினார். பிறகு தபால்காரர். பிறகு மளமளவென்று எழுந்தன. செயலாளரின் ஆட்கள் மூன்று பேர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகள் அவசரமாக எண்ணத் தொடங்கினாள்.

"மெதுவா எண்ணு," என்றாள் அம்மா, பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்காமல். "நாளைக்கு ஒருத்தன் தப்புன்னு சொல்லக் கூடாது."

ஐம்பத்திரண்டு. நோட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கினாள். டீச்சர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினார். பிறகுதான் அவள் செயலாளரைப் பார்த்தாள். "இப்ப நீங்க பேசலாம் சார். உறுப்பினரா."

அவர் உரையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போனார். காரைச் சுற்றி மூன்று வரிசைக்குச் சைக்கிள்கள்.

"யாராவது கொஞ்சம் நகர்த்துங்கப்பா."

ஒருவரும் அசையவில்லை. அப்பாவாக இருந்தால் இந்நேரம் முதல் ஆளாய் ஓடிப்போய் நகர்த்தியிருப்பார், எதிரிக்கும் வழிவிடுகிற மனுஷன். மகளுக்கு அது தெரியும். அவள் ஒரு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

செயலாளர் ஒரு சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைத்தார். இரண்டாவதை இழுத்தபோது அதன் ஸ்டாண்டு விலகி பக்கத்துச் சைக்கிள்மேல் சாய, அந்த வரிசை முழுக்க கேட் வரைக்கும் சரிந்து விழுந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து, முதல் சைக்கிளை நிமிர்த்தத் தொடங்கினார்.