அபராதப் பணத்துக் கட்டைகள்

1

இப்போதெல்லாம் யாரும் ஒரு பேச்சை முழுசாகக் காதில் வாங்குவதில்லை. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறவன்கூடப் பதில் வருவதற்குள் கைபேசியைத் தடவ ஆரம்பித்துவிடுகிறான். எதைச் சொன்னாலும் எழுதிக் கொடு என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் படிக்கிறார்களா? நூல் போட்டுக் கட்டி அலமாரியில் வைக்கிறார்கள்.

இந்தக் கதையும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. கரை சீரமைப்பு அலுவலகத்து அதிகாரியம்மா ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினார்.

"ஐயா, எண்ணெய் கொட்டினதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நடந்ததை ஒரு கதையா எழுதித் தாங்க. புத்தகமாப் போடுறோம்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மீதி வயதெல்லாம் வலையோடு போயிற்று. "முடிவு எப்படி வேணும்?" என்று கேட்டேன்.

"நடந்தபடி எழுதுங்க."

அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை கடலன்னை கரிய பட்டாடை உடுத்தி—"

அடித்துவிட்டேன். பட்டாடையாவது! கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் அது. காலில் ஒட்டினால் தோல்தான் உரியும், அது போகாது.

இரண்டாம் தொடக்கம்: "மனிதனின் பேராசை என்னும்—"

இதில் பாதியிலேயே எனக்குக் கொட்டாவி வந்தது.

மூன்றாவது: "என் தங்கச்சி வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் பன்னிரண்டு எட்டு இருந்தது."

இது இருக்கட்டும். எட்டு வைத்துப் பார்த்தவன் நான்தான்.

முன்பு அங்கே ஆள் உயரத்துக்கு மணல்மேடு இருந்தது. எண்ணெய் ஊறிய மணல் என்று சொல்லி, சுத்தம் செய்ய வந்த இயந்திரம் மேட்டையே வாரி லாரியில் ஏற்றிவிட்டது. மேடு போனதும் கடல் வாசலுக்கு வந்தது. வழக்கு ஏழு வருடம் நடந்தது. கப்பல்காரன் அபராதம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தைக் கரையைக் காக்கவும் சரிசெய்யவும் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது என்று தீர்ப்பு வந்தது.

(தொடக்கூடாதாம்! முன்னொரு புயலுக்கு வந்த பணத்தில் எங்களுக்கு ஒரு வளைவுதான் கட்டினார்கள். "பாதுகாப்பான கரை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த புயலில் முதலில் விழுந்தது அந்த வளைவு.)

அதிகாரியம்மா தங்கச்சியிடம் நேராகவே சொல்லிவிட்டார். கடல் பொங்கும் காற்றுக் காலத்துக்குள் புதிய மேடு எழும்பி நின்றால் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் காலி செய்ய வேண்டியதுதான். அது அவள் புருஷன் தன் கையால் கட்டிய வீடு. இதைக் கேட்ட அன்றே அவள் துணி அலமாரியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டாள். காலி செய்தால் என் வீட்டுக்குத்தான் வரவேண்டும்.*

* நானும் அவளும் ஒரே கூரையின் கீழ் அதிகபட்சம் இருந்தது இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விலக்கிவிட்டார். எங்கள் இருவருக்கும் அப்போதே அறுபது தாண்டியிருந்தது.

3

கதை என்றால் ஒரு திருடன் வேண்டும். அதிகாரியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரிய தொப்பை, விரலுக்கொரு மோதிரம், குளிர்சாதனக் கார், பேசும்போது கண்ணைப் பார்க்காதவன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தான்.

ஆனால் பேருந்திலிருந்து இறங்கியது ஒல்லியாக ஒரு அம்மா. தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் முட்டி போட்டு, நாடாவை இழுத்து அவரே அளந்தார். இதை வைத்துக்கொண்டு நான் எப்படித் திருட்டுக் கதை எழுதுவது? இரண்டு வாரம் கூடவே திரிந்தேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த டீக்கு அவர் காசு கொடுத்துவிட்டார்.

(சாமர்த்தியமான திருடர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எழுதி, பிறகு அடித்தேன். அடித்தது தெரியட்டும்.)

4

அபராதப் பணத்தில் முதலில் வந்தவை மரக்கட்டைகள். தங்கச்சி வீட்டுக்கு முன்னால் வரிசையாக நட்டார்கள். அதில் ஓலைத் தட்டி கட்டினால், காற்றில் பறக்கும் மணல் தட்டியில் மோதி விழுந்து மேடாகுமாம். பிறகு மணலைப் பிடித்து நிறுத்த அதன்மேல் அடம்பங்கொடி நடுவார்களாம். தட்டி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

கட்டை நட்ட இரண்டாம் நாள், யாரோ ஒருவர் அதில் வலையைக் காயப்போட்டுவிட்டார். எங்கள் ஆட்களுக்குக் கடற்கரையில் வரிசையாக நாலு கட்டை தெரிந்தால் போதும், மனசு கேட்பதற்கு முன் கை வலையை வீசிவிடும். ஒருவரைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள். ஒரே வாரத்தில் ஒரு கட்டைகூடக் கண்ணில் படவில்லை.

அதிகாரியம்மா வந்து பார்த்துக் கத்தினார். "யாருங்க இது? கோர்ட்டு பணத்துல கொடி கட்டித் துணி காயப்போடுற மாதிரி!"

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அவர் கோபத்தோடு ஒரு வலையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். சிறுகண் வலைகளின் அடிப்பாகம் மணலுக்குள் புதைந்திருந்தது. கணுக்கால் உயரத்துக்கு மணல் சேர்ந்திருந்தது.

பிடித்திருந்த வலையை விட்டுவிட்டார். பிறகு மெதுவாக, "இதை யாரும் எடுக்காதீங்க" என்றார். "கிழிஞ்ச வலை இருந்தா இன்னும் கொண்டாங்க."

5

இதுவரை எழுதியதைத் தங்கச்சி வாங்கிப் படித்தாள். அவள் எட்டாம் வகுப்பு. அந்தத் திமிர் இன்னும் இருக்கிறது.

"யாரோ ஒருவராம்ல! மொத வலை யாருது அண்ணே?"

"கதைக்கு அது முக்கியமில்ல."

"நீலக் கயிறு போட்ட வலை. கட்டையில முடிச்சுப் போட்டு வேற கட்டியிருந்த. காயப்போடுறவன் முடிச்சுப் போடுவானா?"

"காத்து அடிச்சா பறந்துடும்ல."

"வலை வித்துப் பத்து வருஷம் ஆச்சுன்னு ஊரெல்லாம் சொன்ன. அப்ப காயப்போட ஏது வலை?"

இப்படிப்பட்டவளை ஒரு பாத்திரமாக வைத்துக்கொண்டு எவனும் கதை எழுத முடியாது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

(சரி, சொல்லிவிடுகிறேன். பரணில் ஒரு வலை இருந்தது. தட்டி மூன்று வாரத்தில் வரும் என்று அரசாங்கம் சொன்னால் மூன்று மாதம் என்று பொருள். அதற்குள் காற்றுக் காலம் வந்துவிடும். வேலியில் மணல் நிற்பதை நானும் பார்த்தவன்தான். அதற்காக எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அவள் அலமாரி என் வீட்டு வாசலில் நுழையாது, அவ்வளவுதான்.)

6

தட்டி சொன்னபடி மூன்று வாரத்தில் வந்தது. இது என் கதைக்குப் பெரிய இடைஞ்சல்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

காற்றுக் காலத்தில் கடல் பொங்கி, மேடு, தட்டி, வலை எல்லாம் போய், தங்கச்சி கயிறு கட்டிய அலமாரியோடு என் வாசலில் நிற்கிறாள். நான் சொன்னது சரியாகிவிட்டது. ஆனால் எழுதி முடித்ததும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மேடு நிற்கிறது, கொடி பூக்கிறது, நான் அதிகாரியம்மாவுக்கு மாலை போட்டு— இதற்குமேல் கை ஓடவில்லை.

இன்று காலை அவர் நோட்டு வாங்க வந்தார். புரட்டிப் பார்த்தார்.

"முடிவு எங்கய்யா?"

"காத்துக் காலமே வரலையேம்மா. நடந்தபடி எழுதச் சொன்னீங்க. நடக்காததை எழுத நான் என்ன அலுவலகமா?"

சிரித்தார். "அப்ப படிக்கிறவங்களுக்கு?"

"அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்."

ஒரு பக்கம் எழுத மிச்சமிருக்கிறது என்று நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

7

அந்தப் பக்கம் இது. தங்கச்சி வீட்டுக்கு முன்னால் நின்று எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு கட்டையில், மணலுக்கு ஒரு சாண் மேலே, கத்தியால் கோடு கீறி வைத்தேன். அந்தக் கோடு வரைக்கும் மணல் ஏறினால் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது. இப்போது கோட்டைக் காணோம். கையால் தோண்டிப் பார்த்தேன். மூன்று விரல் அடியில் இருக்கிறது.

"அண்ணே, உள்ள வா! துணி எடுத்துட்டிருக்கேன்." தங்கச்சியின் குரல். எட்டிப் பார்த்தால் அலமாரி திறந்து கிடக்கிறது. கயிறு கொடியாகி, அதில் அவள் துணி காய்கிறது.

"கயித்தை ஏன் அவுத்த? திரும்பக் கட்டிவை."

"மேடுதான் ஏறிடுச்சே."

"மேடு ஏறல. கட்டை இறங்கியிருக்கும். ஈர மணல்ல நட்ட கட்டை இறங்காம என்ன செய்யும்?"

"எல்லாக் கட்டையுமா?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். நோட்டை அவள் வாசலில் வைத்துவிட்டு நான் கிளம்புகிறேன். முடிவு வேண்டுமென்றால் காற்றுக் காலம் கழிந்து நீங்களே வந்து அந்தக் கட்டையருகில் தோண்டிப் பாருங்கள். கோடு எத்தனை விரல் ஆழத்தில் இருந்தாலும் சரி, கட்டை இறங்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?